இடவப்பாதிக் கணக்கு

வைகாசி பாதி கழிந்ததும்
கடலிலிருந்து ஏறி வருகிற காற்று
கீரிப்பாறையில் என் மரங்கள்மேல்
கொண்டுவந்ததையெல்லாம் கொட்டிவிட்டு
வெறுங்கையோடு மலை இறங்கி
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
கில்பர்ட்டின் இறக்கைகளைச் சுற்றப் போகும்.
ஒரே காற்று.
என்னைச் சும்மா இருத்திவிட்டு
அவரை ஓடவிடும்.

நனைந்த பட்டையில் கத்தி வைக்கக் கூடாது.
பால் சிரட்டைக்கு வராமல்
தூர்வழியே வெள்ளைக்கோடு இழுத்து
மண்ணுக்குப் போய்விடும்.
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரம் கொஞ்சம் தாங்கும்.
என் பங்கு நானூறு மரத்தில்
முதலாளி நூறுக்குத்தான் கட்டினார்.
மீதி முந்நூறும் நானும்
ஜன்னல்வழியே பார்த்துக்கொண்டிருப்போம்.
வெட்டில்லாத நாளுக்குக் கூலியில்லை.
குழுக்கடன் பிரிக்கிற பையன்
செவ்வாய்தோறும் மழைக்கோட்டில் வருவான்,
நனையாத நோட்டோடு.

அங்கே,
சீசன் முடியும்வரை லீவு என்ற சொல்லே கிடையாது.
அடிக்கிற காற்றில் ஒரு மெஷின் நின்றால்
நாகர்கோவிலிலிருந்து ஒரு போன்
சென்னையிலிருந்து இன்னொன்று.
ஆடியில் அபிஷா பிறந்தாள்.
"பிள்ளையும் சீசன் பாத்துல்லா வந்திருக்கு"
என்றாராம் சூப்பர்வைசர் கங்காதரன்.
நாலாம் நாள் வந்து தூக்கினார்.
கையில் கிரீஸ் மணம்.
அவள் இரண்டு தடவை தும்மினாள்.

ஆவணியில் ரப்பர் காய் வெடித்து
விதை ஓட்டின்மேல் தெறிக்கும்.
தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து
"எந்த மெஷின்?" என்பார்.

மாசியில் மரங்கள் மொட்டையாகி
செம்புநிறத்தில் தளிர்விடும்.
அப்போதும் வெட்டு நிறுத்தம்;
மரத்துக்கு ஓய்வு வேண்டும்.
அதை எந்த முதலாளியும் மறுத்துப் பேசியதில்லை.
வெட்டு தொடங்கிய பங்குனியில்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு
நான் இரண்டு நாள் கேட்டேன்.
"ஒனக்கும் எல உதிருதோ?" என்றார் கணக்குப்பிள்ளை.
நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.
வீட்டுக்கு வந்து
சோறு வடிக்கும்போதுதான் கோபம் வந்தது.

காற்றில்லாத மாதத்தில் அவர் வருவாரே என்றால்
அது சர்வீஸ் மாதம்.
இடுப்பில் பெல்ட்டைக் கட்டி
எண்பது மீட்டர் ஏணி ஏறி
எண்ணெய் மாற்றவேண்டும்.
காற்று ஓய்ந்தால்தான்
காற்றுக்காரனுக்கு மலையேற்றம்.

சர்ச் காலண்டரில்
அவர் வேலைநாளை நீல மையில் சுழித்தேன்.
என்னுடையதைப் பென்சிலில்.
போன வருஷம் இரண்டும் படாமல்
வெறுமையாய்க் கிடந்த கட்டங்கள் பதினொன்று.
அதில் மூன்று சாவுவீடு.
ஒன்று ஆஸ்பத்திரி.
ஒன்றில் சண்டை, எதற்கென்று நினைவில்லை.

இன்று ஐப்பசிச் செவ்வாய்.
ராத்திரி முழுக்கத் துலாமழை.
மூன்று மணிக்கு எனக்கு விழிப்புத் தட்டியது,
தலைவிளக்கைத் தேடிக் கை போனது.
இருட்டில் அவர் குரல்:
"காத்து உண்டா?"
"பொட்டுக் காத்து இல்ல. மழதான்."
"அப்போ ஒனக்கு வெட்டில்ல."
"இல்ல."
"எனக்கும் இல்ல. இடி கிடக்கு, ஏற விடமாட்டாவ."

பிறகு என்ன பேசுவதென்று
இருவருக்கும் தெரியவில்லை.
வேலைக்குப் போகாத ஆளோடு
மூன்று மணிக்கு என்ன பேசுவது?
அவர் எழுந்து கட்டன் போட்டார்.
சீனி கூடிப்போயிற்று.
நான் மரச்சீனி உரித்தேன்,
யாரும் கேட்காமலே.
தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்கும் மழைக்கும்
வித்தியாசம் தெரியாத நேரம்.
பத்து மணிக்குக் குழுப்பையன் வருவான்.
அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

கிழங்கு வேகட்டும் என்று திரும்பப் படுத்தோம்.
அபிஷா பாதிக் கண்ணில் வந்து நின்றாள்.
"மழ பெய்யில்லா, ஸ்கூல் லீவா?"
"கலெக்டர் இன்னும் சொல்லல மக்களே."

அவள் கலெக்டருக்குக் காத்திராமல்
நடுவில் புகுந்து படுத்தாள்.
பாதம் இரண்டும் ஐஸ்.
ஒன்றை அவர்மேல் வைத்தாள்,
ஒன்றை என்மேல்.